சுகருக்கும் கொழுப்புக்கும் என்று விற்கிற புரோபயாட்டிக் கேப்சூல்: மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்தேன்

புரோபயாட்டிக் என்றால் உடம்புக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கிற உயிருள்ள பாக்டீரியா. நான் வாங்கியது மூன்று டப்பா, டப்பாவுக்கு 30 கேப்சூல், ஒரு டப்பா 880 ரூபாய். மொத்தம் 2,640 ரூபாய். மார்ச் முதல் வாரத்தில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரை ஒரு நாள் கூட விடாமல் காலை இட்லிக்கு முன்னால் ஒன்று போட்டேன். முன்னும் பின்னும் ஒரே லேபில் ரத்தம் கொடுத்தேன். அதனால் எனக்குச் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. பிராண்ட் பெயரை இங்கே போடவில்லை. கடையில் இதே மாதிரி ஏழெட்டு டப்பாக்களைத் திருப்பிப் பார்த்துவிட்டேன், லேபிளில் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான், நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் ரிப்போர்ட் புரியும். வயது 47, பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை, உயரம் 157 செ.மீ., அப்போது எடை 84 கிலோ. சுகர் வந்து நான்கு வருடம், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போடுகிறேன். பிப்ரவரி கடைசியில் எடுத்த ரத்தத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுவது) 7.8, மொத்தக் கொலஸ்ட்ரால் 214, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 128, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 236. இவற்றோடு டாக்டர் அம்மா ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒன்றும் எழுதிக்கொடுத்தார், அது 5.2. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவு அது. 1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேலே போனால் இதயத்துக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கு. சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும்போது எடுத்தால் தாறுமாறாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

"சுகரும் இருக்கு, நாப்பது வயசும் தாண்டியாச்சு, ஸ்டாட்டின் ஆரம்பிச்சிருவோம்" என்றார் டாக்டர். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரைதான் ஸ்டாட்டின். எனக்கு இன்னொரு மாத்திரை என்றதும் மனது கேட்கவில்லை, மூன்று மாதம் டைம் கேட்டேன். நடைப்பயிற்சி செய்கிறேன், சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மருந்துக் கடையில்தான் இந்தக் கேப்சூலைக் காட்டினார்கள். "சுகர், கொழுப்பு ரெண்டும் குறையும், இயற்கையானது, பக்க விளைவே கிடையாது." டப்பாவிலும் அதே தொனியில் எழுதியிருந்தது. வாங்கிவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இது வெறும் ஏமாற்று வேலை என்று நான் எழுத வரவில்லை. குடல் பாக்டீரியாவுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் உண்டு, அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கேப்சூலையே போட்டேன். நம் ஈரல் கொலஸ்ட்ராலை வைத்துப் பித்த உப்பு தயாரிக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பைக் கரைக்கத்தான் அது குடலுக்கு வருகிறது, வேலை முடிந்ததும் அதில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே போய்விடுகிறது. சில லாக்டோபாசில்லஸ், பிஃபிடோ பாக்டீரியாக்களிடம் இந்தப் பித்த உப்பை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. உடைந்த பித்த உப்பு அவ்வளவு எளிதாகத் திரும்ப உறிஞ்சப்படாது, மலத்தோடு வெளியே போய்விடும். போனதை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டும். அப்படித்தான் ரத்தத்தில் எல்டிஎல் குறைகிறது. கேட்பதற்கே அழகான ஏற்பாடு.

அழற்சிக் கதை இன்னும் கொஞ்சம் நீளம், ஆனால் என்னைப் போல வயிற்றுச் சதையும் சுகரும் சேர்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றைச் சுற்றி இருக்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற பொருள் வருவதையும் அது இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதையும் 1993-லேயே காட்டிவிட்டார்கள். அப்புறம் 2007-ல் பேட்ரிஸ் கானி என்பவர் இருந்த ஆய்வுக் குழு, எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு நிறைந்த தீனி கொடுத்தபோது, சில குடல் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ் என்ற நச்சுப்பொருள் ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறியதைக் கண்டது. அதாவது குடல் சுவர் கசிந்தால் அந்தக் கசிவே அழற்சியைக் கிளப்பி, இன்சுலினைக் கெடுத்து, சுகரை ஏற்றலாம். நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் மாதிரியான சிறு கொழுப்பமிலங்களைத் தருகின்றன, குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் உணவு, அதைச் சாப்பிட்டுத்தான் சுவர் இறுக்கமாக இருக்கிறது.

மனிதர்களிடம் பார்த்தார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். ஈரானில் தப்ரீஸ் நகரத்தில் 60 சுகர்காரர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாரணத் தயிர், இன்னொரு பாதிக்கு லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ் எல்ஏ5, பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் பிபி12 சேர்த்த தயிர், தினம் 300 கிராம், ஆறு வாரம் கொடுத்தார்கள். 2011-ல் வந்த முடிவு: சாதாரணத் தயிரோடு ஒப்பிட்டால் மொத்தக் கொலஸ்ட்ரால் 4.54 சதவீதமும் எல்டிஎல் 7.45 சதவீதமும் குறைவு. டிரைகிளிசரைடில் மாற்றம் இல்லை. எல்டிஎல் 128 இருக்கிற எனக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஒன்பது பத்து புள்ளி குறையலாம். 2012-ல் லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்சிஐஎம்பி 30242 என்ற வகையைக் கேப்சூலாக ஒன்பது வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்களுக்கு எல்டிஎல் 11.6 சதவீதம் குறைந்தது, இந்தக் களத்தில் அது பெரிய எண். 2019-ல் பெல்ஜியத்தில் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவை, அதிக எடையும் இன்சுலின் எதிர்ப்பும் இருந்த ஒரு சிறு குழுவுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். அதில் உயிரோடு கொடுத்ததைவிடச் சூடாக்கிக் கொன்று கொடுத்ததுதான் நன்றாக வேலை செய்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

சரி, இவ்வளவு ஆதாரம் இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வரும் எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. எல்ஏ5, பிபி12, 30242 என்பவை ஒட்டுப்பெயர்கள் இல்லை, அதுதான் அந்த பாக்டீரியாவின் சரியான அடையாளம். ஒரே இனத்தில் ஒரு வகை பித்த உப்பை உடைக்கும், பக்கத்து வகை உடைக்காது. நாம் "மாம்பழம்" என்று மட்டும் சொன்னால் பங்கனபள்ளியா, கிளிமூக்கா என்று யாருக்குத் தெரியும்? நான் வாங்கிய டப்பாவில் லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ், லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் என்று நான்கு பெயர் இருந்தது, ஒன்றுக்குக் கூட வகைக் குறியீடு இல்லை. அப்படியென்றால் எந்த ஆய்வும் இந்தக் கேப்சூலுக்குச் சொந்தமில்லை. வேறு எதையோ வைத்து யாரோ செய்த ஆய்வின் பலனை டப்பாவில் எழுதி விற்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011-லேயே புரோபயாட்டிக் உணவுகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டு, இனம், வகை வரை லேபிளில் போட வேண்டும், காலாவதித் தேதி வரைக்கும் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். என் டப்பாவில் "500 கோடி சிஎஃப்யு, தயாரிக்கும் நேரத்தில்" என்று இருந்தது. சிஎஃப்யு என்பது உயிருள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை. தயாரிக்கும் நேரத்தில் எத்தனை இருந்தால் எனக்கென்ன, நான் விழுங்கும் நேரத்தில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதுதானே கேள்வி.

இந்த இடத்தில் நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் "25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்" என்று இருக்கிறது. முதல் டப்பா கடையில் சாதாரண அலமாரியில் இருந்தது. மூன்றாவது டப்பாவை ஆன்லைனில் வாங்கினேன், மே மாதம், நான் விடுமுறையில் வெளியே போயிருந்த நேரத்தில் பார்சலைக் கொண்டுவந்து கேட்டுக்கு உள்ளே மொட்டை வெயிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுக்கும்போது டப்பா கையைச் சுட்டது. உள்ளே ஐஸ் பையோ வேறு எதுவுமோ இல்லை. உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியா ஓரளவு தாக்குப்பிடிக்கும்தான், ஆனால் சூடும் ஈரமும் அதற்கு எமன். அந்தக் கடைசி 30 கேப்சூலில் எவ்வளவு உயிர் இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, விற்றவர்களாலும் சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கடையில் வாங்குங்கள், வெயில் காலத்தில் கூரியர் வேண்டாம்.

சாப்பிட்ட அனுபவம். முதல் பத்து நாள் வயிறு உப்புசம், காற்று, வகுப்பில் நிற்கவே சங்கடமாக இருந்தது. உள்ளே ஃப்ரக்டோ ஆலிகோசாக்கரைடு என்று ஒரு நார்ச்சத்தும் சேர்த்திருக்கிறார்கள், அதனாலும் இருக்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து நிஜமாகவே ஒரு மாற்றம் தெரிந்தது. நான்கு வருடமாக மெட்ஃபார்மின் போட்டு வயிறு ஒரு நாள் இளகும், மூன்று நாள் கட்டிக்கொள்ளும், அது சீரானது. காலையில் நிம்மதியாகப் பள்ளிக்குக் கிளம்ப முடிந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், இந்தத் தொந்தரவு இருப்பவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பசி குறைந்ததா, இனிப்பு ஆசை போனதா என்று பலர் கேட்டார்கள். இல்லை.

ஜூன் ரிப்போர்ட்: ஹெச்பிஏ1சி 7.5, மொத்தக் கொலஸ்ட்ரால் 207, எல்டிஎல் 122, டிரைகிளிசரைடு 221, ஹெச்எஸ்-சிஆர்பி 4.1. எடை 82.5. எல்லாமே இறங்கியிருக்கிறது, பார்த்தவுடன் சந்தோஷம்தான். ஆனால் இதே மூன்று மாதமும் நான் தினம் காலை வ.உ.சி. மைதானத்தில் 40 நிமிடம் நடந்தேன், இரவில் சோறு இல்லை, இரண்டு சப்பாத்தி மட்டும். அந்த நடையும் சாப்பாட்டு மாற்றமும் ஒன்றரைக் கிலோ எடை குறைவும் சேர்ந்தாலே இந்த அளவு இறக்கம் வரலாம். தவிர, ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் இடைவெளியில் எடுத்தாலே எல்டிஎல் ஐந்து முதல் பத்து சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சாதாரணம். 128-க்கும் 122-க்கும் நடுவே இருக்கும் 6 புள்ளியைக் கேப்சூல் கணக்கில் எழுத எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், திட்டவில்லை, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினார். இந்த முறை மறுக்காமல் போட்டேன். கேப்சூலை நிறுத்திவிட்டேன், நடையும் சப்பாத்தியும் அப்படியே. செப்டம்பரில் எல்டிஎல் 77. ஹெச்எஸ்-சிஆர்பி 2.6. அதற்கு ஒரு மாதச் செலவு கேப்சூல் டப்பா விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஸ்டாட்டின் அழற்சியையும் குறைக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2008-ல் வந்த ஜுப்பிட்டர் என்ற பெரிய ஆய்வில் ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லைப் பாதியாக்கியதோடு ஹெச்எஸ்-சிஆர்பியையும் 37 சதவீதம் குறைத்திருக்கிறது. கொலஸ்ட்ரால், அழற்சி என்று எந்த இரண்டுக்காக நான் கேப்சூலை நம்பினேனோ, அந்த இரண்டையும் நான் பயந்து தள்ளிப்போட்ட மாத்திரை குறைக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் ரிப்போர்ட் இல்லை, எங்கள் அத்தான். அவருக்கு வயது 58, சுகரும் உண்டு, இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தபோது என் மேசையில் டப்பாவைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று விசாரித்து, அவர் ஊர்க் கடையில் அவரும் வாங்கியிருக்கிறார். அது பரவாயில்லை. வாங்கியதோடு ஸ்டாட்டினை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் யாருக்கும் தெரியாது. 68-ல் இருந்த எல்டிஎல் 141 ஆன பிறகுதான் அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள்.

"அத்தான், எதுக்கு அந்த மாத்திரையை நிறுத்துனீங்க?"

"ரெண்டும் கொழுப்பைக் குறைக்கிறதுதானேம்மா. இது இயற்கை, அது கெமிக்கல்னு கடைத் தம்பி சொன்னான். நீயும் இதுதானே சாப்பிடுதே?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் ஸ்டாட்டினை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் கடைத் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் மேசையில் டப்பாவைப் பார்த்தவரிடம் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, உடனே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். எல்டிஎல்லைக் குறைப்பதில், நான் மேலே சொன்ன நல்ல ஆய்வுகளிலேயே புரோபயாட்டிக் தந்தது ஏழிலிருந்து பன்னிரண்டு சதவீதம், ஸ்டாட்டின் தருவது 30-லிருந்து 50 சதவீதம். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதே டப்பாவின் பின்பக்கம் சட்டப்படி "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள், அதை அத்தானுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

கேப்சூல் வேண்டாம், சின்ன பாட்டிலில் வரும் புளித்த பால் பானம் பரவாயில்லையா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். அதில் ஒரு நல்லது, பாக்டீரியாவின் வகைப் பெயரைச் சொல்லியிருப்பார்கள், குளிர்ச்சியிலேயே வைத்து விற்பார்கள். யாகுல்ட்டில் இருக்கும் ஷிரோட்டா வகை 1930-ல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா பிரித்தெடுத்தது, 65 மில்லி பாட்டிலில் 650 கோடி என்று போட்டிருக்கும். ஆனால் இந்த மாதிரிப் பானங்களில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பதால் நம்மைப் போன்றவர்கள் லேபிளில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்க்காமல் தினம் குடிக்கக் கூடாது.

வீட்டுத் தயிர்? அதைக் கண்டிப்பான அர்த்தத்தில் புரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது, உறை மோரில் என்ன வகை பாக்டீரியா இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு மாறும், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் இப்போது அதற்குத்தான் வந்துவிட்டேன். மதியம் ஒரு கிண்ணம், ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றியது, சர்க்கரை போடாமல். கொதிக்கக் கொதிக்க மோர்க்குழம்பு வைத்தால் பாக்டீரியா மிச்சமிருக்காது, ஆவி பறக்கும் சோற்றில் பிசைந்தாலும் அப்படித்தான், ஆறிய பிறகு ஊற்றிக்கொள்ளுங்கள். பழையது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் அதுவும் சோறுதான், சுகர் இருப்பவர்கள் அளவு பார்க்காமல் இறங்க வேண்டாம். அதைவிட முக்கியம், உள்ளே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது. சின்ன வெங்காயம், பூண்டு இரண்டிலும் அந்தக் கேப்சூலில் சேர்த்திருந்த அதே மாதிரி நார்ச்சத்து இருக்கிறது. வாழைத்தண்டு, கீரை, முழு உளுந்து, கொண்டைக்கடலை எல்லாம் இப்போது வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சுற்றி வருகின்றன, வயிறு கேப்சூல் காலத்தைப் போலவே சீராக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பக்க விளைவே கிடையாது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுத்தவர்கள் பக்கம்தான் இறப்பு அதிகம், 2008-ல் அது வெளிவந்தது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மதிப்பெண் என்றால் 5-க்கு 2 கொடுப்பேன். மெட்ஃபார்மினால் வயிறு படுத்துகிறவர்கள், டாக்டர் சரி என்றால், ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம், அந்த இரண்டு மதிப்பெண்ணும் அதற்குத்தான். கொலஸ்ட்ராலுக்கு, அழற்சிக்கு, சுகருக்கு என்று இந்த விலையில் இந்த லேபிளோடு வாங்க வேண்டாம். கடையில் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வகைக் குறியீடு எங்கே, காலாவதி நாள் வரைக்கும் எத்தனை உயிரோடு இருக்கும், இதுவரை எங்கே வைத்திருந்தீர்கள். நான் அதே கடையில் போன வாரம் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனியில கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றார்.